வருஷத்துக்கு ஒரு வரிக் கல்

பெத்தேல் காலனியில் வீடுகள் வருஷத்துக்கு ஒரு வரிக் கல் அளவுக்கு மண்ணுக்குள் இறங்கின. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ரோலிங் மில்காரர்கள் கசடு கொட்டும் மேட்டுக்கும் ஏரிக் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற காலனி அது. ஐப்பசி மழை விட்ட கையோடு இறங்கும். சத்தம் வராது, விரிசலும் விடாது. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் நேற்று முழங்காலில் இருந்த தெரு இன்றைக்குத் தொடைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். ஜனங்கள் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூரை ஷீட்டைக் கழற்றிச் சாய்த்துவைத்து, நாலு சுவர்மேலும் ஒரு வரி செங்கல் ஏற்றி, ஷீட்டைத் திரும்பப் போட்டு, வாசல் நிலையை உயர்த்திக் கட்டி, வெள்ளையடித்து, நட்சத்திரம் தொங்கவிட்டுவிடுவார்கள். ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு வீடு போன வருஷம் இருந்த உயரத்திலேயே இருக்கும். அது கிணறு ஆகிக்கொண்டிருப்பது உள்ளே படுத்து எழுந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

தானியேல் மில்லில் உலை வாயில் நிற்கிறவன். வார லீவில் கொத்து வேலைக்கும் போவான். அவனுடைய அப்பா பொன்னேரிப் பக்கம் திருவள்ளூர் ஐயங்கார் குடும்பம் ஒன்றின் நிலத்தில் நாற்று நட்டவர். கம்பெனி வந்து அந்த நிலத்தை வாங்கியபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலை போனது. நாற்று நட்டவர்களுக்கு, வேலை தருகிறோம் என்ற வார்த்தை போனது. அந்த வார்த்தையை நம்பித்தான் தானியேல் உலைக்கு முன்னால் போய் நின்றான். முடி நரைத்த பிறகும் கான்ட்ராக்ட் ஆளாகவே நின்றான். நிலம் விற்ற குடும்பத்தின் வீடு திருவள்ளூரில் கோயில் தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் வீடுகள் வருஷத்துக்கு ஒரு படி ஏறின. யாரும் தூக்கவில்லை, ஜாக்கியும் வைக்கவில்லை. அதே ஐப்பசி மழை விட்ட வாரத்தில், முளைப்பயிறு மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி, தானாக ஒரு சாண் மேலே வந்து நிற்கும். அடியில் புதுப் படி கட்ட ஆள் வேண்டுமே. பழைய பழக்கத்துக்கு தானியேலைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் தன் வீட்டுக்கு மேலே கல் ஏற்றுவான், மறுவாரம் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டுக்குக் கீழே கல் வைப்பான்.

அந்த வீட்டில் ராமபத்ரனும் அவர் மனைவி அரவிந்தவல்லியும் மட்டும் இருந்தார்கள். மகன் ப்ரஹ்லாத் அமெரிக்காவில், மகள் மிருதுளா பெங்களூரில். ராமபத்ரன் கெட்ட மனிதர் இல்லை. மாடிப்படி மாதிரி நீண்டுவிட்ட வாசல்படியில் நடுவரைக்கும் இறங்கி வந்து, தானியேலுக்கான காப்பி டம்ளரை ஒரு படியில் வைத்துவிட்டு, இரண்டு படி மேலே போய் உட்கார்ந்துகொள்வார்.

"பார்த்துப் போடுப்பா தானியேல். போன வருஷத்துப் படி ஆடறது. மாமி பெருமாளைச் சேவிச்சே மாசக் கணக்காச்சு. எறங்கினா ஏற முடியல."

"அப்ப ஒரு வருஷம் மாத்திக்கலாமா சாமி? எங்கூட்டுக்கு வந்துடுங்க. ஏறுற வேலையே கெடயாது. எறங்கிக்கினே இருக்கலாம்."

ராமபத்ரன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, பசங்கள் சம்பாதிக்கிறார்கள், நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, தானாக ஏறுகிறது என்று மட்டும் சொன்னார். அது நிஜமும்கூட.

வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் கதை வேறு. ஒரிசா, பீகார், ஜார்க்கண்டு என்று எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி லாரியிலும், ரயிலிலும் வந்து இறங்கியவர்களின் கால் தரையில் படவில்லை. ஒரு விரற்கடை மேலேயே நடந்தார்கள். ஒரு அறையில் பத்துப் பேர் படுத்தாலும் அவர்கள் படுத்த லைன் ரூம் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. செருப்பு தேயாது, சேற்றில் தடம் விழாது. கான்ட்ராக்டர்களுக்கு அது வசதியாக இருந்தது. உலைப் பக்கம் ஒருவன் வெந்து போனால், அவன் எங்கே நின்றான் என்பதற்குத் தரையில் அடையாளம் இருக்காது. மறுநாள் ஷிப்டுக்கு அதே இடத்தில் இன்னொருவன் ஒரு விரற்கடை மேலே நிற்பான். இலங்கை ஜனங்கள் இருந்த முகாமில் வீடுகள் காற்றடிக்கும்போதெல்லாம் கிழக்கே கடல் பக்கமாக நகர்ந்தன. கணக்கெடுக்க ஆள் வருகிற நாளில் அவர்களே தோள் கொடுத்துத் தள்ளி, பழைய நம்பரில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

ஒரு தடவை இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு சென்னையிலிருந்து படித்த பிள்ளைகள் வேனில் வந்தார்கள். காலனியில் டேப் வைத்து ஆழம் பார்த்தார்கள், கோயில் தெருவில் உயரம் பார்த்தார்கள், வடக்கத்திப் பையன்களின் காலுக்கடியில் காகிதம் விட்டு இழுத்துப் பார்த்தார்கள். கோயில் தெரு ஏறுவதற்குப் படிப்புப் பழக்கம் காரணம், வடக்கத்தியார் மிதப்பதற்கு உழைப்பு காரணம், காலனி இறங்குவதற்குக் களிமண் காரணம் என்று முடிவு சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

தானியேலின் மனைவி ஹெலன் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டாள். "அவுங்க ஒழைச்சாங்களாம், ஏறுனாங்களாம். அப்ப நாங்க இன்னா, தூங்கிக்கினா கெடந்தோம்?" என்றாள். வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டது.

ஹெலனும் மில்லில் இரும்புச் செதில் கூட்டிய பெண்தான். ஒரு நாள் கன்வேயருக்கு அடியில் குனிந்தவளின் இடுப்பில் வார்ப்புக் கட்டி விழுந்தது. அதற்கப்புறம் அவளுக்கு உலகம் என்று இருந்தது கட்டிலை ஒட்டிய ஒரு ஜன்னல். அதில் ரோடு தெரியும். எளாவூர் பக்கம் போகிற லாரி, ஷிப்டு பஸ், பொன்னேரி ரயிலைப் பிடிக்க ஓடுகிற, அவளோடு செதில் கூட்டின கூட்டுக்காரிகள். அவர்கள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஒரு குரல் கொடுப்பார்கள்: "இன்னா ஹெலனக்கா, நாஷ்டா ஆச்சா?" அந்த ஒரு குரலுக்காக அவள் விடியலிலேயே முகம் கழுவித் தலை வாரிக்கொள்வாள். கட்டின காலத்தில் ரோட்டுக்கு மேலே நெஞ்சளவு உயரத்தில் இருந்த ஜன்னல் அது. வருஷத்துக்கு ஒரு வரியாக இறங்கி, இப்போது அதன் அடிக்கட்டை மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றது. போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரிந்தது. காலை வைத்தே ஆள் சொல்லப் பழகிவிட்டாள். மேலே வேறு ஜன்னல் வைக்கலாம்தான். வைத்தால் வானம் தெரியும். ஹெலனுக்கு வானத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வேறு இடம் போகலாமென்றால், அவர்கள் பேரில் பட்டா இருந்தது இந்த ஒரு இடத்துக்குத்தான். அதற்கே ஒரு தலைமுறை அலைந்திருந்தார்கள். வருகிற மழைகளுக்கு ஜன்னல் போய்விடும் என்பது தானியேலுக்குத் தெரியும். ஹெலனுக்கும் தெரியும்.

தானியேலுக்கு யோசனை வந்தது கௌரங்காவைப் பார்த்துத்தான். கௌரங்கா ஒரிசாவில் கஞ்சாம் பக்கத்துப் பையன், உலையில் இவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். சாபித்ரி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, அவள் முழுகாமல் இருந்த நேரம். குடும்பக்காரனுக்கு லைன் ரூம் கொடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். இவர்கள் இருக்கிற அறை இறங்குவதில்லையே, நம் வீட்டில் வைத்துக்கொண்டால் நம் வீடும் நிற்குமே என்று தானியேல் கணக்குப் போட்டான். முன்னறையை அவர்களுக்கு விட்டான்.

பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் மதில்மேல் கை போட்டுக்கொண்டு கேட்டான். "இன்னாடா மச்சான், நம்ம வேலையத்தான் புட்சிக்கினானுங்க, ஊட்டையும் குடுத்துட்டியா?"

"நீ உன் வேலைய பாரு. நான் ஊட்ட தூக்கி நிறுத்தறதுக்கு ஆள் வச்சிக்கிறேன்."

ஐப்பசி வந்தது, மழை கொட்டியது, விட்டது. காலனியில் எல்லா வீடும் இறங்கின. தானியேல் வீடு மட்டும் இறங்கவில்லை. ஆசீர்வாதம் வந்து ஜன்னலுக்குக் கீழே விரல் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனான். அடுத்த வாரமே அவனும் இரண்டு பீகார் பையன்களைக் கூட்டிவந்தான். அந்த வருஷம் தானியேல் கூரை ஷீட்டைக் கழற்றவில்லை. சாபித்ரி ஒரு விரற்கடை மேலே மிதந்தபடி ஹெலனுக்குத் தலை வாரிவிட்டாள், முதுகு துடைத்துவிட்டாள், அவளோடு ஜன்னலில் உட்கார்ந்து கால்களைப் பார்த்துத் தமிழ் படித்தாள். "அக்கா, இந்தச் செருப்பு ஆரோக்கியமேரி. இன்னிக்கு லேட்டு," என்பாள். ஹெலன் வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

தை மாசம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி விழுந்ததும் சாபித்ரி அதைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் வைத்தாள். பிள்ளை எங்கே பிறந்தாலும் கொடியை ஊருக்கு எடுத்துப்போய்ச் சொந்த வீட்டுத் துளசிக்கடியில் புதைப்பது அவள் வீட்டுப் பழக்கம். கோயில் தெருவில் அதைத் தாயத்துக்குள் அடைப்பார்கள். ப்ரஹ்லாத் விமானம் ஏறும்போது அரவிந்தவல்லி அதைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்பினாள். காலனியில் அப்படியில்லை. பிறந்த பிள்ளையின் கொடியை அந்த வீட்டு வாசற்படிக்கடியில் புதைத்து, ஜெபம் பண்ணி, நாலு பேருக்குச் சோறு போடுவார்கள். நிலமே இல்லாதிருந்த ஜனங்கள், பிள்ளையை வைத்தாவது மண்ணைப் பிடித்துக்கொண்ட வழக்கம்.

ஹெலன்தான் ஆரம்பித்தாள். "நீ எப்ப லீவு வாங்கி எப்ப ஊருக்குப் போறது? அதுக்குள்ள எலி தின்னுடும். புள்ள இங்க பொறந்துச்சு, இங்கியே பொதைப்போம். நாளைக்கு எவனாவது எந்த ஊருடி நீன்னு கேட்டா அது நெஞ்ச நிமுத்தி சொல்லணும்ல?"

சாபித்ரி புருஷனைப் பார்த்தாள். கௌரங்கா தானியேலைப் பார்த்தான். "அண்ணா, நம்ம ஊர் இது, சொல்லலாமா?"

"சொல்லு நைனா. எவன் கேக்கறது?" என்றான் தானியேல். சந்தோஷத்தில் சொன்னான். வேறொன்றையும் அவன் யோசிக்கவில்லை.

வாசற்படியைப் பெயர்த்துக் குழி எடுத்தான். ஆசீர்வாதம் ஜெபம் சொன்னான். கொடியை வைத்து மண்ணை மூடியதும் சாபித்ரி "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு," என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அவள் பாதம் தரையில் பட்டிருந்தது. கௌரங்கா குனிந்து, ஈர மண்ணில் விழுந்த தன் தடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் படம் எடுத்து ஊரிலிருக்கிற அம்மாவுக்கு அனுப்பினான்.

அடுத்த ஐப்பசியில் தானியேல் வீடு இரண்டு வரி இறங்கியது. ஒரு வரி அவனுக்கு, ஒரு வரி அவர்களுக்கு. ஜன்னலில் பாதி மண்ணாகிவிட்டது. கௌரங்காவுக்கு அதற்கு முன்பே வேலை போயிருந்தது. தரையில் தடம் விடுகிறவன் நாளைக்குச் சங்கம் பேசுவான் என்றார் கான்ட்ராக்டர். அவன் இடத்துக்குப் புதிதாக வந்தவர்களின் கால் இரண்டு விரற்கடை மேலே நின்றது. சாபித்ரி ரேஷன் கடை வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவர்கள் அவளை இந்திக்காரி என்றார்கள். ஊருக்குப் போன் பண்ணினால் அங்கே அவளை மதராஸி என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த தானியேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனான். முதல் குத்துச் சத்தத்திலேயே ஹெலன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"யோவ். இன்னா பண்றே?"

"அதை எடுத்து அவுங்க ஊருக்கே அனுப்பிடலாம் ஹெலனு. ஜன்னலு போவுது."

"வையி கீழ."

"அடுத்த மழைக்கு இருட்டாயிடும்டி. அப்புறம் நீ யார பாப்பே?"

"போனா போவட்டும். நம்மள எந்தெந்த எடத்துலேர்ந்து எவனெவன் புடுங்கிப் போட்டான்? இப்ப நீ ஒரு பச்ச மண்ண புடுங்கறியா? குத்துனியானா, நான் இந்தக் கட்டில்ல ஒரு வா தண்ணி குடிக்க மாட்டேன்."

சாபித்ரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவள் எடுக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. தானியேல் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெயர்ந்த மண்ணை மிதித்துச் சமம் செய்தான். ஹெலனுக்காக அழுதானா, தனக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணில் தூசு என்று சொன்னான்.

மறு வருஷம் மழை விட்ட காலையில் ஜன்னல் முழுக்க மண். கண்ணாடி உடையவில்லை. ரோட்டில் போன கூட்டுக்காரிகள் பழக்கத்தில் ஒரு மாசம் தரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஹெலன் கொஞ்ச நாள் தலை வாரிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள், ஷிப்டு பஸ் வருது என்றாள். கண்ணாடியில் விரல் வைத்திருந்தாள். மண் அதிர்வது அவளுக்குத் தெரிந்தது. லாரி எது பஸ் எது என்பதும், பாரம் ஏற்றியது எது காலி எது என்பதும் தெரிந்தது. மனுஷ நடை மட்டும் தெரியவில்லை. மனுஷர் நடந்து மண் அவ்வளவு அதிராது.

குழந்தை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. மண்புழு கண்ணாடியில் ஊர்ந்தால் டாட்டா காட்டும். நடக்கப் பழகுமுன், ரோட்டுக்கு ஏற வைத்திருந்த ஏணி பழகிவிட்டது. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. அங்கே டீச்சர் பிள்ளைகளிடம் உங்கள் வீடு எங்கே என்று கேட்டால், வடக்கத்திப் பிள்ளைகள் வடக்கே கை காட்டும், முகாம் பிள்ளைகள் கிழக்கே கை காட்டும். இது குனிந்து, தன் காலுக்கு நேர் கீழே தரையைத் தொட்டுக் காட்டும். சரி என்று டீச்சர் அடுத்த பிள்ளையைக் கேட்பார்.