இறங்காத படகு

விடிவதற்கு முன்பே லாக்லன் படகில் தேங்கியிருந்த மழைநீரை இறைத்துக்கொண்டிருந்தான். ஸ்காட்லாந்தின் மார்ச் மாதக் குளிரில் தகரக் குவளையைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. எஸ்டேட்டுக்குச் சொந்தமான இரண்டு மைல் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுவது அவன் வேலை. மீன் மாட்டினால் புகைப்படம் விருந்தாளிக்கு, முதுகுவலி லாக்லனுக்கு.

இறைத்து முடித்து நிமிர்ந்தவன் ஆற்றைப் பார்த்தான். கரையோரக் கறுப்புப் பாறை முழுகிக் கிடந்தது. அது முழுகினால் இரு கரையிலும் படகு இறங்கக் கூடாது என்பது துடுப்புக்காரர்களின் சட்டம். போன வசந்தத்தில் மேலாளர் கார்ஸ்வெல் மிரட்டி அதை மீற வைத்தார். படகு கவிழ்ந்தது. விருந்தாளி நீந்திக் கரையேறினார். துடுப்புப் போட்ட நீலின் உடலை மூன்றாம் நாள் பாலத்தடியில்தான் கண்டெடுத்தார்கள். அவனுடைய கவனக்குறைவு என்று எஸ்டேட் அறிக்கை எழுதியது. எழுதிய கை விளங்குமா?

எட்டு மணிக்குக் கார்ஸ்வெல் ஒரு விருந்தாளியுடன் வந்தார்.

"படகைத் தள்ளு."

"பாறை முழுகிடுச்சு சார். இன்னிக்கு வேணாம்."

"மேல அணையில இருக்கிற கருவி, தண்ணி சரியா இருக்குன்னு காட்டுதே!" கைபேசியை நீட்டினார்.

"அணை பன்னண்டு மைல் தள்ளி இருக்கு சார். நடுவுல ரெண்டு ஓடை வந்து விழுது. அதுங்களுக்கு உங்க போன் நம்பர் தெரியாது."

"இவர் லண்டன்லேர்ந்து ஸ்காட்லாந்து வரைக்கும் வந்திருக்கார்."

"நல்லா இருக்கட்டும். உசுரோட திரும்பிப் போகட்டும்."

கார்ஸ்வெல் குரலைத் தணித்தார். "நீ இருக்கிற வீடு வேலையோட சேர்ந்தது. வேலை போனா வீடும் போச்சு. வெள்ளிக்கிழமை காலி பண்ணிடு."

லாக்லன் வீட்டுப் பக்கம் பார்த்தான். மனைவி ஊனாவுக்கு இது எட்டாம் மாதம். ஆனாலும் அவன் துடுப்பைத் தொடவில்லை.

கார்ஸ்வெல் எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினார். அங்கே நின்ற டெனி, அந்தக் கரைக்குச் சொந்தக்காரரான வேறொரு முதலாளியின் துடுப்புக்காரன். இரு முதலாளிகளின் மீன்பிடி எல்லையான ஆற்றின் நடுக்கோடு எது என்று சண்டை போட்டு, அவனும் லாக்லனும் பதினோரு வருடமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்.

"டெனி! இவரை ஏத்திக்கோ. நாளையிலேர்ந்து இந்தக் கரை வேலையும் உனக்குத்தான்!"

டெனி தன் படகைக் கரைமேல் இழுத்தான். தோள் கொடுத்துக் கவிழ்த்துப் போட்டான். பிறகு கையைக் குவித்துக் கத்தினான்: "நீலையும் இப்படித்தானே சார் ஆத்துல இறக்குனீங்க!"

"யார் அந்த நீல்?" என்று கேட்டார் விருந்தாளி. "போன வருஷம் இதே மாதிரித் தண்ணியில செத்தவன்," என்றான் லாக்லன். விருந்தாளி தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு காருக்கு நடந்தார்.

அன்று மாலை ஊனா பீங்கான் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் டெனி. அவனுக்குப் பின்னால், பூட்ஸெல்லாம் சேறாக, ஆற்றின் மற்ற ஏழு துடுப்புக்காரர்கள்.

"நடுக்கோட்டு விவகாரம் இன்னும் தீரலடா," என்றான் டெனி. "சண்டை போட நீ இங்க இருந்தாகணும்."

"விளையாடாத. வெள்ளிக்கிழமை காலி பண்ண ஆள் வரும்."

"வரட்டும். அன்னிக்கு ஆத்துல ஒரு படகும் இறங்காது. எட்டுப் பேரும் இந்த வாசல்லதான் நிப்போம்."

"உங்க வீடுங்களும் வேலையோட சேர்ந்ததுதானே?"

அவர்களுக்கும் பயம்தான்.

"ஆமா," என்றான் டெனி. "அதனாலதான் வந்தோம்."

ஊனா கட்டிய பெட்டியைப் பிரித்தாள். சுற்றிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் ஏற்றினாள்.