மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

கண்டதையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொள்ளாதே என்று சொன்னால் என் தம்பி அஸீம் கேட்பானா? ஒன்பது வயதுக்கு அவ்வளவு வாய்!

2004, அஜ்மான் கடற்கரை. வாப்பா அஸர் தொழப் போயிருந்தார். உம்மாவும் மாமியும் தூரத்தில் காருக்குள் சமோசா பிரித்துக்கொண்டிருந்தார்கள். அஸீம் மணலைத் தோண்டி, நுனியில் கல் கட்டிய கறுத்த கயிறு ஒன்றை உருவினான். எங்கள் கீழக்கரை முப்பாட்டன்கள் போல முத்துக் குளிக்கப் போகிறானாம். நடுக்கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு மறுமுனையை அவன் லாத்தாவான, அக்காவான என்னிடம் கொடுத்தான்.

கல் தானாக உருண்டு தண்ணீருக்குள் இறங்கியது. அஸீமையும் இழுத்துக்கொண்டு போனது.

"லாத்தா!"

அவ்வளவுதான். தலை மறைந்துவிட்டது.

நான் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது, தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. தம்பி செத்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது கயிற்றின் வழியே ஒரு குரல் வந்தது.

"மேல கயிறு புடிச்சிருக்கிறது யாரு?"

"அவன் லாத்தா மின்ஹா! அவன விட்டுடுங்க!"

"கூடப் பொறந்தவளா? முத்துக் குளிக்க இங்க வந்தப்போ என் கயித்தயும் கூடப் பொறந்தவன்தான் புடிச்சான். பங்குக்கு ஆசப்பட்டு விட்டுட்டான். விக்டோரியா ராணி காலத்துலேர்ந்து கீழயே கெடக்குறேன். மச்சானக் கூப்புடு!"

என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் முத்துக் குளிப்பவன் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை விதவையாகக் கூடாதே என்று அவன் கை விடாது. ஆனால் இந்தப் பொடியனுக்குப் பெண்டாட்டிக்கு எங்கே போக?

மாமி மகனும் மச்சான்தானே! அஸ்கர் அலி அந்தப் பக்கம் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் முடிச்சுப் போட்டு வீட்டில் செய்யும் கேலி தாங்காமல், அவன் பெயரைக்கூட நான் சொல்வதில்லை. இப்போது மானமாவது ரோஷமாவது.

"அஸ்கர் மச்சான்! ஓடி வாங்க!"

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அஸ்கர் பாய்ந்து வந்து கயிற்றைப் பற்றினான். பற்றியதும் கீழே இழுத்த பிடி தளர்ந்தது. நீலம் பாய்ந்த உதடுகளோடு அஸீம் மேலே வந்தான். அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டு முடிச்சை அவிழ்த்தேன்.

கயிறு கீழிருந்து ஆடியது.

"உட்டுடவா?" என்றான் அஸ்கர்.

"உட்டுடுங்க!" அந்தச் சனியன் வேண்டவே வேண்டாம் எனக்கு.

அஸீம் இருமிக்கொண்டே எழுந்தான். "லாத்தா, கீழ ஒருத்தரு மேல தூக்கச் சொல்லி கயித்த ஆட்டிக்கிட்டே இருக்காரு. யாரும் இழுக்கல. அழுவுறாரு." அஸ்கர் விட்ட கயிற்றை அவனே பிடித்தான்.

இவனை மறுபடி கடல் கொண்டுபோனால்? அவனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தோல் உரிந்த மறுகையைக் கயிற்றில் வைத்தேன்.

"நானும் கூடப் பொறந்தவதான்! நான் உடமாட்டேன், கேட்டுச்சா?" என்று கடலைப் பார்த்துக் கத்தினேன்.

கீழே கிடந்தவரோடு கயிறு மேலே ஏறத் தொடங்கியது.