சாயம் ஏறாத டீசல்

டீசலில் சாயம் செலுத்தும் பம்ப் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. ஓர்க்னித் தீவின் எண்ணெய்க் கிடங்கை நடத்தும் இங்கா ரெண்டால் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே உடைந்த தண்டு. வெளியே, மருத்துவமனைக்கு டீசல் ஏற்ற வந்த லாரியருகில் அதன் ஓட்டுநர் எர்லண்ட் ஃப்ளெட் பனியில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். புயலில் மின்கம்பிகள் அறுந்ததிலிருந்து மருத்துவமனை ஜெனரேட்டரில்தான் ஓடியது. முந்தின நாள் குறைமாதத்தில் பிறந்த அவன் மகள் அங்கே மின்சாரத்தில் சூடேறும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

ஜெனரேட்டர் டீசலுக்கு வரி குறைவு. அதனால் முழு வரி கட்டிய டீசலிலிருந்து பிரித்தறிய அதில் சிவப்புச் சாயம் இருந்தாக வேண்டும். சாயமில்லாமல் வெளியே போனால் கிடங்கின் உரிமம் போய்விடும். பிறகு படகுக்கும் டிராக்டருக்கும் யார் ஊற்றுவது?

இங்கா சுங்க அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கையாலயே ஊத்திக்கோங்க. முதல்ல சாயம், அதுமேல டீசல். இன்னொருத்தர் கூட நிக்கணும். மாதிரி எடுத்து வைங்க" என்றார் அவர்.

கப்பல் வராததால் இருந்தது ஒரே ஒரு டப்பா சாயம். இருவரும் லாரியின் மேல் ஏறினார்கள். அவள் அளவுக்குவளையை நீட்ட, அவன் டப்பாவைச் சாய்த்தான். காற்று அவன் முழங்கையைத் தள்ளியது. பாதிச் சாயம் லாரியின் பக்கவாட்டில் சிவப்பாக வழிந்தது.

"ஐயோ" என்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இங்கா, மீதிய சாயமில்லாமயே ஊத்து. ஜெனரேட்டர் என்ன, நிறம் பாத்தா குடிக்குது?"

"மிச்சமிருக்கற சாயத்துக்கு எவ்வளவு டீசல் ஆகுமோ அவ்வளவுதான் தருவேன்."

"உன் பிள்ளையா இருந்தா?"

அவள் டப்பாவை நிமிர்த்தி, மிஞ்சிய சாயத்தை அளந்தாள். பாதி டீசல் விடியும்வரை தாங்கும். அதற்குள் வேறு வழி பிறக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, தொட்டியோட பின் அறையில ஊத்து. பின்சக்கரத்து மேல பாரம் இருந்தாதான் லாரி மேட்டுல ஏறும்."

மாதிரிப் புட்டி சிவந்தது. லாரி கிளம்பியது. மருத்துவமனை மேட்டில் பாதிவரை ஏறியதும் பின்சக்கரங்கள் பனியில் வெறுமனே சுழன்றன. வண்டி மெல்லப் பின்னுக்குச் சறுக்கியது. கிடங்கு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இங்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் எதையோ பற்றியது. புகை கக்கியபடி லாரி வளைவில் மறைய, எஞ்சின் சத்தம் மட்டும் காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. அவள் தொப்பியைக் கழற்றி, அந்தப் பக்கமாகக் காதைத் திருப்பி நின்றாள்.