ரிசர்வ்டு மேஜை

"உங்க போனைக் காட்டுங்க அக்கா. அந்தக் கேமரா வேற யார் யார் போன்ல ஓடுதுன்னு நான் பார்க்கணும்."

கேட்டுவிட்டேன். மேரி அக்காவை இப்படி நிற்கவைத்துக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "யார்கிட்ட வேணா வாயாடு. அவங்ககிட்ட மட்டும் ஏன், எதுக்குன்னு நிக்காத. அவங்க போட்ட கையெழுத்துலதான் நீ இன்ஜினியரு" என்று அம்மா எட்டு வருஷமாகச் சொல்கிறாள்.

அது பொய்யில்லை. பொழிச்சலூரில் இந்தக் காபிக் கடை இருக்கிற இடத்தில் முன்பு செல்வமேரி அக்காவின் ப்ரவுசிங் சென்டர் இருந்தது. பன்னிரண்டாவது மார்க் ஷீட்டோடு அம்மாவும் நானும் அங்கே போய் நின்றபோது கவுன்சலிங் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. அப்பா இல்லை. அம்மாவுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் போல்ட் பேக்கிங் வேலை. அக்காதான் ஃபார்ம் நிரப்பினார். சேர்கிற அன்று அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லூரிக்குக் கூட வந்து கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

லாக்டவுனுக்குப் பிறகு கம்ப்யூட்டர்களைத் தள்ளிவிட்டு ஐந்து மேஜை போட்டார். ஃபில்டர் காபி, முட்டை பப்ஸ், வைஃபை. ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து நான் கம்பெனி வேலை பார்க்க முடியாது என்று, ஃபேனுக்கு நேர் கீழே மூலை மேஜையில் எனக்காக 'ரிசர்வ்டு' அட்டை வைத்தார். வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். "அது எங்க தர்ஷினி எடம்." இரண்டு வருஷமாக அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கென்று ஊரில் ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றும்.

இன்று காலை அதில் மண் விழுந்தது. என் தம்பி தீனா கடை கடையாக சிசிடிவி மாட்டுகிறவன். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "புனேல மூணு வேளையும் சப்பாத்தியாமே. மெஹ்னாஸ் ரூம்ல ரெண்டு பேர் படுக்கவே எடம் பத்தாதாம். இன்னா பண்ணப் போற?" என்றான்.

எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருப்பதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மேரி அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "அம்மாவை விட்டுட்டுப் போவியாம்மா? நல்லா யோசி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதில், வேண்டாம் என்று மெயில்கூட எழுதிவைத்துவிட்டேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சப்பாத்தி, ரூம் கதையெல்லாம் அக்காவுக்கே தெரியாது. போன ஞாயிறு அவர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, புனேயில் இருக்கிற கல்லூரித் தோழி மெஹ்னாஸிடம் மூலை மேஜையிலிருந்து போனில் பேசியது அது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. தலைக்கு மேலே, பேச்சையும் பிடிக்கிற கேமரா இருந்தது. மாட்டியவன் தீனா.

"என்னம்மா, வந்ததும் வராததுமா? உக்காரு, காபி குடி" என்றார் அக்கா.

"காபி வேணாம். போன்."

"வேலையா இருக்கேன்ல..."

"முடிங்க. நிக்கிறேன்."

மேலே ஒரு விமானம் இறங்கியது. இந்த ஊரில் அது கடந்து போகும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். சத்தம் போனதும் அக்கா போனைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

கேமரா யாருக்கெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். ஒரே பெயர். தீனா. தேதியும் இருந்தது. எனக்கு ரிசர்வ்டு அட்டை வந்த அதே வாரம்.

"உங்களுக்குத் தெரியாம அவனே சேத்துக்கிட்டானா?" என்றேன். ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"இல்லம்மா. நான்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"படிக்க வெச்சது நீங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்னு வந்து நின்னான். கார்டியன்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"அது பதினேழு வயசுப் பொண்ணுக்குப் போட்டது. எனக்கு இப்ப இருபத்தஞ்சு."

"தப்பா ஒண்ணும் இல்லையே தர்ஷினி. நீ வேலைதானே பார்க்கற? ஃபேன் காத்து வர்ற எடமா..."

"கேமராவுக்கு மூஞ்சி தெரியற எடமா."

அவர் கண் ஒரு தரம் கேமராவுக்குப் போய் வந்தது.

"புனே வேணாம்னு சொன்னீங்களே, அது?"

"போக வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு தீனாதான் கேட்டான். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அக்கா தரையைப் பார்த்தார். "சாப்பாட்டு டைம்ல தினமும் போன்ல பாக்குமாம். தன் ஐடியையே உங்கம்மா போன்லயும் தீனா போட்டுக் குடுத்திருக்கான். எம்பொண்ணு லேப்டாப்புல வேலை செய்யறா பாருன்னு கூட இருக்கறவங்களுக்கும் காட்டுமாம்."

ஒரு நிமிஷம் என் கோபத்துக்கே எங்கே போவதென்று தெரியவில்லை. பெருமைதான். கேட்டிருந்தால் நானே தினம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேனே. மேனேஜர் திட்டிய அன்று இதே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அதையும் பார்த்திருப்பார்கள். அன்று ராத்திரி சோறு போட்டபோது ஏன் அழுதாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கையிலிருந்த அக்காவின் போன் அடித்தது. தீனா. பார்த்துக்கொண்டிருக்கிறான். எடுத்தேன்.

"யக்கோவ், அவங்க போனை இன்னாத்துக்கு நோண்டிகினு கீற? சீன் போடாம வூட்டுக்கு வா."

"எவ்ளோ நேரமா பாக்கற?"

"உன் நல்லதுக்குத்தான் பாக்கறேன்."

"நீ திருநீர்மலைப் படியில எவகூட உக்காந்துகினு கீறன்னு நான் கேமரா வெச்சனாடா?"

"நான் ஆம்பள. பேஜார் பண்ணாத."

"சரி, கேட்டுக்கோ. வர்றேன்னு இன்னிக்கே மெயில் போடப்போறேன். பதினெட்டாம் தேதி புனேல ஜாயினிங்."

"அம்மா செத்துப்பூடும்க்கா."

"அதை அம்மா எங்கிட்ட சொல்லட்டும். என் மூஞ்சைப் பாத்து."

கட் பண்ணிப் போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"அன்னிக்கு அந்த ஃபார்மை நான் நிரப்பலன்னா, நீ இன்னிக்கு உங்கம்மா பக்கத்துல உக்காந்து போல்ட்டு பொறுக்கிட்டு இருந்திருப்ப."

எட்டு வருஷமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது. சொன்னதும் எனக்கு லேசாகிவிட்டது.

"ஆமாக்கா. அதுக்காகத்தான் ஒரு கேள்விகூட கேக்காம இருந்தேன். முன்னாடியே கேட்டிருக்கணும்."

"காபி போட்டாச்சும்மா. குடிச்சிட்டாவது போ."

நான் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெயிலில் இறங்கினேன். பின்னால் அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் நடையைக் குறைக்கவில்லை.