லவாலிலிருந்து வந்த வீடு

மார்ச் இருபத்தொன்பதாம் திகதி காலை ஏழேகாலுக்கு, ஆற்றுக்கு வடக்கே லவாலில் ஒரு தொழிற்சாலை முற்றத்திலிருந்து செல்வமலரின் வீடு தானாகக் கிளம்பியது. தாங்கி நின்ற மரக்கட்டைகளை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, கேற்றைத் தாண்டி, தெற்கே திரும்பியது. அன்று வெப்பநிலை நான்கு பாகை. காற்று இல்லை.

ஆற்றுக்குத் தெற்கே, நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருந்த சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் வைத்திருந்தன. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் மலிவு வீடுகளுக்கு, குடியிருக்கப்போகிறவர்களே சங்கமாகக் கேட்டால், அரசு மானியம் கொடுத்தது. ஞாயிறுதோறும் கூடினார்கள். சமைக்கிற குசினி திறந்ததா மூடியதா என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். மானியம் கிடைத்தது. மார்ச் முடியுமுன் முதல் வீடாவது அத்திவாரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா வீடுகளுக்கும் மானியம் இல்லை. குலுக்கலில் முதல் வீடு செல்வமலருக்கு விழுந்தது. அவர் டவுன்டவுன் உணவகமொன்றில் சமைப்பவர். மகள் பிரஷாந்தினியுடன் ஒரு பேஸ்மென்டில் இருந்தார். பனி உருகினால் அங்கே கணுக்கால் வரை தண்ணீர். வாடகை ஒப்பந்தம் முடிவதால் யூலையில் அதையும் விட வேண்டும்.

அந்த வருடம் பனி முந்தி உருகியது. வீதிகள் இளகி, பாரமான ட்ரக்குகளுக்குத் தடை வந்தது. வீடு லவாலிலேயே நின்றுவிட்டது. பால் காய்ச்சுவதற்குச் சங்கத் தலைவர் சிவநேசம் வைத்திருந்த நேரமோ இருபத்தொன்பதாம் திகதி விடிகாலை. அதை விட்டால் சித்திரை கழியும்வரை நல்ல நேரமில்லை.

"வீடு எங்க நிண்டா என்ன, நேரம் நேரம்தானே," என்றார் சிவநேசம்.

"அப்ப கப்பல்ல வந்தா நடுக்கடல்லயும் காய்ச்சுவியளே மாமா?" என்றாள் பிரஷாந்தினி.

செல்வமலர் பானையோடு தொழிற்சாலைக்கு வந்தார். கட்டைமேல் நின்ற வீட்டுக்குள் பால் கிழக்கே பொங்கியது. தொழிலாளர்களுக்குக் கற்கண்டு கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மூவரும் சிவநேசத்தின் காரில் ஏறினார்கள். குடிபுகுந்த வீட்டைத் தனியே விட்டுப் போவது பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு பின்னால் வந்தது.

ஆற்றைப் பாலத்துக்குப் பக்கத்தால் கடந்தது. அக்காடி வீதியில் சிவப்பு விளக்குகளுக்கு நின்றது. வானொலியில் ஒரு பெண், தெற்கு நோக்கி வீடொன்று செல்வதால் போக்குவரத்து கொஞ்சம் தாமதம் என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துக் குசினி பெரிதென்று பேசிக்கொண்டார்கள். பிரஷாந்தினி காரின் பின்கண்ணாடியில் முகத்தை வைத்து, "அம்மா, வருது! வருது!" என்று கத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் சிவநேசம் வேளைக்கே சிக்னல் போட்டார், வீடு பார்த்துத் திரும்பட்டும் என்று.

அத்திவாரங்கள் போட்டிருந்த காணியில், வானொலி கேட்டு ஓடிவந்த மற்றக் குடும்பங்கள் நின்றன. வெறும் அத்திவாரம்தான் என்று பார்த்து எழுதிப்போக வந்த அரசுப் பரிசோதகரும் நின்றார். வீடு சரியாக அத்திவாரத்துக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. பரிசோதகர் அடியில் எட்டிப் பார்த்தார். ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தொடாத வீடு கணக்கில் வராது என்றார். யாரோ கயிறு எறியச் சொன்னார்கள். சிவநேசம் கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வமலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சேற்றில் இறங்கி, வீட்டின் அடியில் போய் நின்றார். "என்ன, பயமோ? நானும் இந்த நாட்டுக்கு வந்த புதுசில பயந்தனான்தான். நான் இஞ்சதான் நிக்கிறன். மெல்ல இறங்கு, பாப்பம்."

முகட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. செல்வமலர் பின்னால் ஓர் அடி வைத்தார், வீடு ஒரு சாண் இறங்கியது. அவர் வெளியே வந்ததும் முழுதாக அமர்ந்தது. ஆட்கள் கத்தினார்கள், பனிக்குவியல்மேல் ஏறிக் குதித்தார்கள். கோபித்துக்கொண்டு போன இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பரிசோதகர் வாசற்படியில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். மட்டம் சரி. கையெழுத்துப் போட்டார். பிறகு காலியாக இருந்த மற்ற அத்திவாரங்களைப் பார்த்து, பிரெஞ்சில் என்னவோ கேட்டார்.

பிரஷாந்தினி தாயிடம் திரும்பினாள். "அம்மா, மிச்ச வீடுகள் எத்தினை மணிக்கு வருமெண்டு கேக்கிறார்."