தோல் ஜாக்கெட்டின் வாசம்

பாடகனின் தோல் ஜாக்கெட்டைத் தண்ணீரில் போட்டால் அதன் கதை முடிந்தது. அதனால் ராக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றும் என்னைப் போன்ற உடைக்காரிகள், மட்டமான வோட்காவை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அக்குளில் அடித்துக் காயவிடுவோம். வியர்வை நாற்றம் போய்விடும், வோட்கா வாசமும் தங்காது.

எங்கள் பாடகன் ஓக்னியென் குடியை விட்டதிலிருந்து அந்தப் பாட்டிலை அவன் கண்ணில் காட்டுவதில்லை. கிதார்காரன் ரதோவன் கறாராகச் சொல்லியிருந்தான், இன்னொரு முறை அவனிடம் சாராய வாசம் வந்தால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்று. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் கூட்டாளிகள். கடைசிப் பாட்டை ஒரே மைக்கில், கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பாடுவார்கள். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும்.

அன்று செர்பியாவின் நீஷ் நகரில் கச்சேரி. டிரம்மரின் கால்சட்டைக் கிழிசலை நான் அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். ஓக்னியென் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்ததும் ரதோவனின் முகம் மாறியது.

"குடிச்சிருக்க."

"இல்லடா."

"எனக்கு மூக்கு இருக்கு. உங்கம்மா கிட்ட என்னடா சத்தியம் பண்ண?"

எனக்கும் வாசம் வந்தது. பிளம் பழச் சாராயம். ஆனால் அவன் வாயிலிருந்து இல்லை, அக்குளிலிருந்து.

"ஜாக்கெட்ட யாரு தொட்டா?" என்று கத்தினேன்.

பஸ் டிரைவர் மிலுட்டின் சிரித்துக்கொண்டே வந்தான். "சோர்க்கா, நான்தான் தொட்டேன். நீ தையலும் கையுமா இருந்தியேன்னு நானே அடிச்சு விட்டேன். வோட்கா காலி. எங்கப்பா காய்ச்சுனத ஊத்துனேன். வோட்காவ விட ஒசத்தி!"

"ஒசத்தியா? உன் தலை!" அவன் கையிலிருந்த ஸ்பிரே பாட்டிலைப் பிடுங்கி ரதோவனின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மோந்து பாரு, பெரிய மனுஷா."

ரதோவன் மோந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அப்பாடா, தீர்ந்தது என்று நான் சிரித்தேன். ஓக்னியென் சிரிக்கவில்லை. அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

"இதக் கழட்டு சோர்க்கா. ரெண்டு மணி நேரம் இது மூக்குக்குள்ளயே இருந்தா, மேடைய விட்டு இறங்குனதும் நேரா சாராயக் கடைக்குத்தான் போவேன்." ஜிப்பை அவனே இழுக்கத் தொடங்கியிருந்தான். நான் சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

ரதோவன் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டான். பிறகு என்னிடம் கை நீட்டினான். "அத எனக்குக் குடு."

"உனக்குப் பத்தாதுடா."

"பின்ன, இந்தத் தொப்பையோட வெறும் உடம்பா நிக்கவா? உன் கத்தரி எதுக்கு இருக்கு?"

பல வருஷமாகப் பிள்ளையைப் போலக் காப்பாற்றிய ஜாக்கெட். முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினேன். அவனுக்கு மாட்டிவிட்டு, பின்னால் ஊக்கு ஊக்காகக் குத்தினேன். முதுகைக் கூட்டம் பார்க்காது.

கடைசிப் பாட்டு வந்தது. பழக்கதோஷத்தில் ஓக்னியென் மைக்கின் ஒரு பக்கம் ஒதுங்கி இடம் விட்டான். ரதோவன் ஜாக்கெட்டின் அக்குளைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மேடையின் அந்தக் கோடியிலேயே நின்று, மைக் இல்லாமல், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். கூட்டம் ஊளையிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஆகல போல," என்றான் பக்கத்தில் நின்ற விளக்குக்காரன்.

"ஆமா," என்றேன். ரதோவனின் முதுகில் ஊக்கு ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்த்தேன்.