ஈர ஆட்டு ஓட்டு

ஏழரை மணி பெல் அடித்தபோது சூரியன் சமவெளியின் விளிம்பில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. ராத்திரி பெய்த மழை தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பளி கத்தரிக்கும் ஏழு பேரும் ஏழு பட்டிக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு போய், ஆளுக்கொரு செம்மறியாட்டை முன்னங்கால்களில் பிடித்துப் பலகைத் தளத்துக்கு இழுத்து வந்தார்கள். ஒவ்வொன்றும் அறுபது கிலோ. அதை உட்காரவைத்து, முதுகை முழங்காலில் சாய்த்து, மெஷினைக் கையில் எடுத்துக் குனிந்தால் மறுபடி முதுகு நிமிர்வது ஒன்பதரை மணி டீக்குத்தான்.

அன்றைக்கு மட்டும் இரண்டு ஆட்டோடு நிமிர வேண்டும். மழை பெய்த மறுநாள் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, ஈரமா காய்ந்ததா என்று கத்தரிப்பவர்களே ரகசிய ஓட்டுப் போடுவார்கள். ஈரம் என்று விழுந்தால் அன்று வேலை இல்லை. இப்படித்தான் கூட்டு ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு சொல்கிறது. ஈர ஆட்டைக் கட்டிப்பிடித்து நாள் முழுக்கக் கத்தரித்தவன் கையில் கொப்புளம் கிளம்பும், காய்ச்சல் வரும், மூட்டுக்கு மூட்டு வீங்கும். அந்தப் பிரிவை யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை.

நெவில் ஹாகன் வயிற்றுக் கம்பளியில் மெஷினை ஓட்டியபோதே தெரிந்துவிட்டது. கம்பளிக்குள் விரல் போன இடமெல்லாம் சில்லென்று தண்ணீர். பனியன் நனைந்து, கால்சட்டை நனைந்து, தொடை விறைத்தது. ஆனால் அவனுடைய கண் ஆட்டின்மேல் இல்லை. பக்கத்தில், முதல் இடத்தில் நின்றுகொண்டிருந்த டேரல் மூன்மேல் இருந்தது.

ஷெட்டில் யார் அதிக ஆடு கத்தரிக்கிறானோ அவனுக்குத்தான் முதல் இடம். ஒன்பது வருஷம் அந்த இடம் நெவிலுடையது. மூன்று வருஷத்துக்கு முன் டேரல் வந்தான். ஒரே ஊர், ஒரே வயசு, பள்ளிக்கூடத்துக் கால்பந்தில் ஒரே டீம். வந்த முதல் சீசனிலேயே நெவிலை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டான். அதற்காகவாவது கொஞ்சம் திமிராக நடந்திருந்தால் நெவிலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பாவி அதுவும் செய்யவில்லை. சமையல்காரர் ஆர்ச்சி பெரிய இறைச்சித் துண்டாகத் தேடி எடுத்து டேரல் தட்டில் வைப்பார். நெவிலின் மனைவியே ஒருமுறை ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "டேரல் கத்தரிக்கிறது ஆரஞ்சுப் பழம் உரிக்கிற மாதிரி இருக்குல்ல?" என்றாள். வயிற்றெரிச்சலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்று நெவில் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

இந்த சீசன் முடிய இன்னும் இரண்டு நாள். டேரல் ஒன்பது ஆடு முன்னால் நின்றான்.

இன்னொன்றும் நெவிலுக்குத் தெரியும். போன குளிர்காலம் வேறொரு பண்ணையில் ஈர ஆடு கத்தரித்து டேரலுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து, இரண்டு மாசம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தான். இன்று விடியற்காலையில் குளியலறையில் அவன் வீங்கிய வலது கையை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றதை நெவில் கதவிடுக்கில் பார்த்திருந்தான்.

"ரெண்டு ஆடு முடிஞ்சுதா?" பண்ணை முதலாளி கிரேம் ஆஷ்கிராஃப்ட் கம்பளி மேஜையருகே வந்து நின்றார். "நான் தொட்டுப் பாத்துட்டேன். காஞ்சுதான் இருக்கு."

"தொட்டுப் பாக்குறது உங்க வேலை இல்ல, கிரேம்," என்றாள் மோனா டிகின்ஸ். ஏழு பேரில் ஒருத்திதான் பெண். ஏழு பேரும் தேர்ந்தெடுத்த பிரதிநிதியும் அவள்தான். "கட்டிப் பிடிச்சுக் கத்தரிக்கிறவங்க சொல்லுவோம்."

"இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் புது ஒப்பந்தம் ஒட்டி வெச்சிருக்கேன். சீசன் முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம் வேலை."

அது திங்கட்கிழமையிலிருந்து கதவில் தொங்கியது. அதில் பதினோராம் பிரிவு இல்லை. ஈரமா காய்ந்ததா என்று இனி முதலாளி சொல்வார். சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலிருந்து அரை மணி.

மோனா சீட்டுகளைக் கொடுத்து, ஓட்டுப் போடத் தேயிலை டின்னை நீட்டினாள். ஈரம் என்றால் அன்றைய கூலி போச்சு; ஆட்டுக் கணக்குக்குத்தானே கூலி. அதனால் கடன் உள்ளவன் கண்ணை மூடிக்கொண்டு காய்ந்தது என்று எழுதுவதும் உண்டு. நெவிலுக்குக் கடன் இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட ஈர ஆட்டைக் காய்ந்தது என்று அவன் எழுதியதில்லை. பென்சிலை எடுத்தான். வாளியில் இருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. இன்று ஒரு நாள் ஈரத்தில் நின்றால் அந்தக் கை மடங்காது. ஒன்பது ஆடு என்ன, பத்தொன்பது ஆட்டைப் பிடித்துவிடலாம்.

காய்ந்தது என்று எழுதினான். எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். மூக்கை அறுக்கிற நேரத்தில் அவனுக்கு வலிக்காது என்பது நமக்குத் தெரிவதில்லை.

காய்ந்தது நாலு. ஈரம் மூன்று.

டேரல் சீட்டுகளைப் பார்த்தான், பிறகு எல்லோரையும் பார்த்தான். "சரி. நாலு பேர் சொன்னா நாலு பேர்தான். வாங்கடா," என்று பட்டிக் கதவைத் திறந்தான்.

ஒன்பதரை மணி டீக்குள் நெவில் இடைவெளியில் இரண்டு ஆட்டைக் குறைத்திருந்தான். உடம்பெல்லாம் ஊறி, விரல் நுனி வெளுத்து, பல் கிட்டியது. ஆனாலும் உள்ளுக்குள் கும்மாளம். டேரல் பிளாஸ்க் மூடியைத் திறக்கப் பார்த்தான். விரல் பிடிக்கவில்லை. சட்டைத் துணியைச் சுற்றிப் பார்த்தான், அப்போதும் முடியவில்லை. பிளாஸ்கை அப்படியே கீழே வைத்துவிட்டு, டீ வேண்டாதவன்போலக் கூரையைப் பார்த்தான். நெவில் தன் டீயை மெதுவாகக் குடித்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னும் நாலு. இடைவெளி மூன்றுதான்.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு டேரலின் ஆடு உதைத்தது. எல்லா ஆடும் உதைக்கும். உதைக்கும்போது பிடி இறுகும். அவன் பிடி இறுகவில்லை. ஈரப் பலகையில் கால் வழுக்க, மெஷின் கையைவிட்டுத் துள்ளி, ஓடிக்கொண்டே அவன் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது. மோனா பாய்ந்து கயிற்றை இழுத்து மெஷினை நிறுத்தினாள். பாதி கத்தரித்த ஆடு தளம் முழுக்க ரத்தத்தை மிதித்துக்கொண்டு ஓடியது.

ஆர்ச்சி துண்டுகளோடு ஓடி வந்து கையை இறுக்கிக் கட்டினார். "ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். வண்டிய எடுத்துட்டு வரேன்," என்று வெளியே போனார்.

முதலாளி வந்து பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் வாய் வேறு பேசியது.

"ஈர ஆட்டால கை மரத்துப் போச்சுன்னு யாரும் எழுதிக் குடுத்துடாதீங்க. காஞ்சதுன்னு ஓட்டுப் போட்டது நீங்க. நேரத்தோட குறிச்சு வெச்சிருக்கேன். இது அவன் கவனக்குறைவு."

"ரத்தம் இன்னும் நிக்கல, அதுக்குள்ள பேச்சைப் பாரு," என்றான் கடைசி இடத்தில் வேலை செய்யும் கிளென்.

"ஓட்டு ஓட்டுன்னு குதிச்சீங்களே. அந்த ஓட்டோட லட்சணம் இதான். இனிமே நானே சொல்லிக்கிறேன். ம், அடுத்த ஆட்டைக் கொண்டு வாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருந்தது. அந்தப் பாதி தன் கையெழுத்தில் தேயிலை டின்னில் கிடக்கிறது என்று நெவிலுக்குத் தெரியும்.

"நாலாவது ஓட்டு என்னுது," என்றான்.

"நெவ், சும்மா இரு," என்றாள் மோனா. "ரகசிய ஓட்டு. யாரும் சொல்ல வேண்டியதில்ல."

"சொல்றேன். என் ஆடு ரெண்டும் சொட்டச் சொட்ட ஈரம். தெரிஞ்சுதான் எழுதினேன். இவன் கை வீங்கியிருக்கிறதைக் காலைல பாத்தேன். ஈரத்துல நின்னா தோத்துருவான்னுதான் எழுதினேன்." தலையால் டேரலைக் காட்டினான். "மூணு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. இவனைப் பாத்தா வயிறு எரியுது. இப்பவும் எரியுது."

கிளென் அவன் சட்டையைப் பிடித்தான். "நீயெல்லாம் மனுசனாடா? தூ."

"அடிக்கணும்னா அப்புறம் அடி. இப்ப மறு ஓட்டுக் கேளு. ரெண்டு பேர் கேட்டா எந்த நேரமும் ஓட்டு எடுக்கலாம்னு இருக்குல்ல? நான் ஒருத்தன் கேக்கிறேன்."

கிளென் சட்டையை விட்டான். "நான் ரெண்டாவது ஆள்," என்றான் வேண்டாவெறுப்பாக.

"வேலைக்கு நடுவுல ஓட்டா?" என்றார் முதலாளி.

"பதினொண்ணுல அப்படித்தான் இருக்கு. நீங்க கிழிச்சுப் போடற வரைக்கும் இருக்கும்," என்ற மோனா சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். டேரலிடம் வந்ததும் தயங்கினாள். "அவங்கவங்க கையால எழுதணும். உன் கை..."

பட்டிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த டேரலின் உதடு நீலம் பூத்திருந்தது. "எனக்கு நெவ் எழுதட்டும்."

"இவனா?" என்றான் கிளென்.

"மூணு வருஷமா என் மேலேர்ந்து கண்ணையே எடுக்காதவன். என் ஓட்டு என்னன்னு இவனைவிட யாருக்குத் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். நெவில் சிரிக்கவில்லை. மண்டியிட்டு, சீட்டை டேரலின் முழங்கால்மேல் வைத்து, ஈரம் என்று எழுதினான். மடித்து டேரலின் இடது கையில் கொடுத்தான். டேரல்தான் டின்னில் போட்டான்.

மோனா கம்பளி மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஏழும் ஈரம்.

முதலாளி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வேற கும்பல் வரும். உங்க மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"வரட்டும்," என்றாள் மோனா. "அவங்களுக்கும் இதே ஒப்பந்தம்தான். அவங்களும் ரெண்டு ஆடு கத்தரிச்சிட்டு ஓட்டுப் போடணும். கேட்ல நாங்க நிப்போம். டேரலுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுவோம். அப்புறம் கத்தரிக்கிறதும் கத்தரிக்காததும் அவங்க இஷ்டம்."

கம்பளி பொறுக்கும் இரண்டு பெண்களுக்கு இந்த ஓட்டில் பங்கு கிடையாது. அவர்களுக்கு நாள் கூலி; ஆடு ஈரமானாலும் காய்ந்தாலும் ஒன்றுதான். இருவரும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மோனாவின் பக்கம் வந்து நின்றார்கள். முதலாளி அவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். வாசலில் மறுபடி தூறல் பிடித்திருந்தது.

ஆர்ச்சியின் பிக்கப் வண்டி வந்தது. "ஆர்ச்சி ஓட்டணும். துணிய அழுத்திப் பிடிக்க ஆள் வேணும். நெவ், ஏறு," என்றாள் மோனா.

நெவில் ஏறி டேரலின் கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். எல்லோரும் ஜன்னலருகே வந்து டேரலின் தோளைத் தட்டினார்கள். அவனிடம்தான் பேசினார்கள். நெவிலை ஒருவரும் பார்க்கவில்லை. அப்போதும் அவனுக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்தது. பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

வண்டி நகர்ந்தபோது கிளென் மழையில் கூடவே நாலடி ஓடி வந்து, நெவில் பக்கத்து ஜன்னலைத் தட்டினான்.

"டேய், காலைல ஆறு மணிக்குக் கேட். ஆஸ்பத்திரிய சாக்கு வெச்சு நீ வராம இருந்தே, வீட்டுக்கு வந்து உதைப்பேன்."